மாரிமுத்துவின் குரல்: ஒரு குணச்சித்திர நடிகரைத் தொடர் உருவாக்கும் விதம்

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, சென்னையில் ஒரு டப்பிங் அரங்கில் ‘எதிர்நீச்சல்’ தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நடிகர் மாரிமுத்துவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த அவரைக் காப்பாற்ற முடியவில்லை. மாரடைப்பு என்றார்கள். அன்று மாலைக்குள் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகளில் செய்தி தெரியாத வீடு அநேகமாக இருந்திருக்காது. சொந்த வீட்டு மனிதர் ஒருவர் போய்விட்டதைப் போலப் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களில் பெரும்பாலானோர், ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, அவருடைய முகத்தைத் தெரிந்துவைத்திருந்தாலும் பெயரைச் சொல்லத் தெரியாதவர்கள்.

அவருக்கு முடியாமல் போனது டப்பிங் அரங்கில் என்பதைத் தற்செயலான ஒரு விவரமாக எல்லோரும் கடந்துவிட்டார்கள். எனக்கு அது அவருடைய தொழில் வாழ்க்கையின் மையமான இடமாகவே தோன்றுகிறது. சினிமாவில் பன்னிரண்டு ஆண்டுகள் முகமாக இருந்த ஒருவரைத் தொலைக்காட்சி குரலாக மாற்றிக் காட்டியது. அந்தக் குரலால்தான் அவர் ஊரறிந்த மனிதரானார். அது எப்படி நடந்தது என்று பார்த்தால், குணச்சித்திர நடிகருக்குச் சினிமா தராத எதைத் தினசரித் தொடர் தருகிறது என்பதும், அதற்கு ஈடாக அவரிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்பதும் புரியும்.

மாரிமுத்து தேனி மாவட்டத்தில், வருசநாட்டுப் பக்கம் உள்ள பசுமலைத்தேரியைச் சேர்ந்தவர். இயக்குநராக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தவர். வந்த புதிதில் ஓட்டலில் வேலை பார்த்துக் காலம் தள்ளியிருக்கிறார். பிறகு கவிஞர் வைரமுத்துவிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதும் வேலையைச் செய்தார். கவிஞரின் கவிதைகள் அவருக்கு மனப்பாடம். பிற்காலத்தில் நாள்தோறும் பக்கம் பக்கமாக வசனம் பேச வேண்டிய வேலைக்கு வந்த ஒருவர், காதால் கேட்டதைக் கையால் எழுதி, வாயால் திருப்பிச் சொல்லும் பயிற்சியை இளம் வயதிலேயே பெற்றிருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சொல்லின் எடையை அறிந்து பேசுகிறவர்கள் நடிகர்களில் அதிகம் இல்லை.

உதவி இயக்குநராக அவர் முதலில் வேலை செய்தது ராஜ்கிரணிடம். ‘அரண்மனைக்கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) ஆகிய படங்களில். அதன்பின் மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே.சூர்யா என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாணி கொண்ட இயக்குநர்களிடம் பணியாற்றினார். தானே இயக்குநரானது 2008இல்தான். படம் ‘கண்ணும் கண்ணும்’, நாயகன் பிரசன்னா. அடுத்த படத்துக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. 2014இல் வந்த ‘புலிவால்’, ‘சாப்பா குரிசு’ என்ற மலையாளப் படத்தின் மறு ஆக்கம். இரண்டோடு நின்றுபோயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெற்ற இடம் இப்படி முடிந்ததைத் தோல்வி என்று சொல்லலாம். ஆனால் தமிழ்த் திரையில் நல்ல குணச்சித்திர நடிகர்கள் பலரும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். உதவி இயக்குநராகக் காலம் கழித்தவருக்குக் காட்சியில் தன்னுடைய பங்கு எவ்வளவு என்பது தெரியும். தன் வசனம் முடிந்ததும் பார்வையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தெரியும். நாயகனின் குளோசப்புக்காகக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வெறுமனே வசனம் கொடுக்க வேண்டியிருந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்.

நடிகராக அவர் கவனம் பெற்றது 2011இல் மிஷ்கின் இயக்கிய ‘யுத்தம் செய்’ படத்தில். நேர்மையில்லாத காவல்துறை அதிகாரி வேடம். அதன்பின் வந்தவையெல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை: காவல் அதிகாரி, ஊர்ப் பெரியவர், கதாநாயகியின் அப்பா. மீசையும் நிறமும் தென்மாவட்டப் பேச்சும் உள்ள ஒருவருக்குத் தமிழ் சினிமா ஒதுக்கி வைத்திருக்கும் நாற்காலிகள் அவ்வளவுதான். படத்துக்கு நான்கைந்து காட்சிகள், சில நாள் கால்ஷீட், சுவரொட்டியில் முகம் இருக்காது. துறைக்குள் ‘கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்’ என்று சொல்லப்படுகிறவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் இதுதான். இவர்களில் பலரை நாம் பெயரால் அறிவதில்லை. முதல் படத்தின் பெயரைச் சேர்த்தே அறிகிறோம். ‘நிழல்கள்’ ரவி, ‘பூவிலங்கு’ மோகன், ‘தலைவாசல்’ விஜய் என்று அந்த முன்னொட்டு நாற்பது ஆண்டுகள்கூட ஒட்டிக்கொண்டு வருகிறது. பெயர்ப் பட்டியலில் ஒரே பெயருள்ளவர்களைப் பிரித்துக் காட்ட வந்த வழக்கம்தான். என்றாலும், ‘இவரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்றால்’ என்று ரசிகனுக்கு எடுத்துக் கொடுக்கும் குறிப்பாகவும் அது பயன்படுகிறது.

இந்தச் சில்லறை வேடங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. 2018இல் மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கதாநாயகி ஜோவின் அப்பாவாக மாரிமுத்து நடித்தார். திருமண மண்டபத்துக்கு வந்த கதாநாயகன் பரியனைத் தனியறைக்கு அழைத்துப் போய், மகளைவிட்டு விலகும்படி தணிந்த குரலில் சொல்கிறார். சொந்தக்காரர்கள் உள்ளே புகுந்து பையனை அடிக்கத் தொடங்கியதும் அவரால் தடுக்க முடியவில்லை. சாதியின் கட்டுக்குள் இருந்துகொண்டு, அதில் முழுமனதாக ஒட்டவும் முடியாமல், வெளியேறவும் துணியாமல் தவிக்கும் மனிதர் அவர். படத்தின் முடிவில் பரியனோடு பேசும்போதும் அவரிடமிருந்து திடமான ஒரு சொல் வருவதில்லை. நாளைக்கு எதுவும் மாறலாம் என்கிற அளவுக்குத்தான் அவரால் வர முடிகிறது. அந்தத் தந்தைக்கு உயிர் கொடுப்பது வசனம் அல்ல, பேச்சு பாதியில் நின்றுபோகிற இடங்கள். தோளில் கிடக்கும் சங்கடமும், எதிரில் இருப்பவன் கண்ணைச் சந்திக்காத பார்வையும்தான் அந்த நடிப்பு. திரையரங்கின் இருட்டில், பெரிய திரையில், இந்த அளவு அடங்கிய நடிப்பு கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும்.

வீட்டுக் கூடத்தில் அது போய்ச் சேராது. தொடரை யாரும் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்ப்பதில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது, பிள்ளைக்குப் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது, கைபேசி அழைக்கிறது. பாதி நேரம் தொடர் காதால்தான் பின்தொடரப்படுகிறது. அதனால்தான் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் மூன்று முறை இசை முழங்குகிறது; முக்கியமான செய்தியை நான்கு பாத்திரங்கள் நான்கு முறை சொல்கின்றன. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால், முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்யும் பார்வையாளரை ஒரு குரல் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும் என்பது நடிகருக்கு வைக்கப்படும் கடுமையான தேர்வு. மேடை நடிகர்களுக்கு அது தெரியும். சினிமா நடிகர்களில் பலருக்கு அது கைவருவதில்லை.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியபோது மாரிமுத்து ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். இயக்குநர் திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான ‘கோலங்கள்’ தொடரை இயக்கியவர். வசனம் ஸ்ரீவித்யா. மதுரைப் பின்னணியில் ஒரு கூட்டுக் குடும்பம், நான்கு சகோதரர்கள், படித்த பெண்களாகத் தேடிப் பிடித்து மருமகள்களாகக் கொண்டுவந்து, அவர்களைச் சமையலறையோடு நிறுத்திவைக்கும் வீடு. அந்த வீட்டின் மூத்தவர் ஆதி குணசேகரன். அதுதான் மாரிமுத்துவின் வேடம். தொடரின் நாயகி கடைசி மருமகள் ஜனனி என்பதுதான் ஏற்பாடு. சில மாதங்களுக்குள் தொடரின் எடை குணசேகரன் பக்கம் சாய்ந்துவிட்டது.

இப்படி ஒரு வில்லன் தமிழ்த் தொடருக்குப் புதியவர். அதற்கு முன்பு வந்த தொடர்களின் வில்லன்களில் பலர் பணக்கார வீட்டுச் சதிகாரர்கள். கோட்டு போட்டுக்கொண்டோ நகை மாட்டிக்கொண்டோ தனியாக நின்று தன் திட்டத்தைத் தானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். குணசேகரனுக்குச் சதி தேவைப்படவில்லை. தான் செய்வதெல்லாம் குடும்பத்துக்காக என்று அவர் உண்மையிலேயே நம்புகிறார். வேட்டியும் சட்டையுமாகக் கூடத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வீட்டில் யார் எப்போது வெளியே போகலாம் என்று தீர்ப்புச் சொல்கிறார். பார்க்கிறவர்களுக்கு அவரை வேறு எங்கோ பார்த்ததுபோல இருந்தது. சிலருக்குப் பெரியப்பா, சிலருக்கு மாமனார், சிலருக்குத் தங்கள் வீட்டுக்காரரே.

‘ஏம்மா, ஏய்’ என்ற விளி அந்த நாள்களில் தமிழ்நாடு முழுவதும் சுற்றி வந்தது. எழுத்தில் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. அவர் சொன்ன விதத்தில்தான் விஷயம் இருந்தது. ‘ஏம்மா’ என்பதில் பாசம்போல ஒன்று மேலெழும். உடனே ‘ஏய்’ என்பது அதை வெட்டிக் கீழே தள்ளும். கூப்பிடப்பட்ட பெண் மரியாதைக்கும் அதட்டலுக்கும் நடுவில், எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பாள். ஒரு வீட்டுக்குள் அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதை இரண்டே சொற்களில் காட்டும் உச்சரிப்பு அது. தேனி, மதுரைப் பக்கத்துப் பேச்சில் வாக்கியத்தை நீட்டி இழுத்துக் கடைசிச் சொல்லை உதறிவிடும் ஒரு வழக்கம் உண்டு. மாரிமுத்து அதைக் கற்றுக்கொண்டு பேசவில்லை. அது அவர் வாயிலேயே இருந்தது. வட்டாரப் பேச்சைப் பாடம்போல ஒப்பிக்கும் நடிகர்களுக்கு நடுவே, அந்த வித்தியாசம் காதில் உடனே பட்டது.

சிரிப்பும் அதில் கலந்திருந்தது. தன்னைவிடப் படித்த பெண்களுக்கு முன்னால், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் தருணங்களில் குணசேகரன் தடுமாறுவார்; தங்கையின் மாப்பிள்ளையாக வரும் கரிகாலனிடம் எரிந்து விழுவார். அந்தச் சிறு சறுக்கல்கள் இல்லாமலிருந்தால் ஆறு மாதத்தில் பார்வையாளர்கள் சலித்துப்போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு சர்வாதிகாரியை மாதக்கணக்கில் யார் பார்ப்பார்கள்? அவர் எப்போது கால் இடறுவார் என்று காத்திருக்கும் சுகத்துக்காகப் பார்த்தார்கள். சமையலறையில் மருமகள்கள் நந்தினியும் ரேணுகாவும் அவரைப் பற்றி அடிக்கும் நக்கல்களுக்கு விசை வந்ததும் இவர் கட்டியெழுப்பிய பயத்தால்தான். வில்லன் மெலிந்தால் எதிர்ப்பேச்சும் மெலிந்துபோகும்.

இந்த இடத்தில் தொடர் எடுக்கப்படும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். சினிமாவில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு காட்சிகள் எடுத்தால் போதும். தொடரில் அந்த நாளுக்குள் ஏறக்குறைய ஓர் எபிசோடுக்குத் தேவையானது முடிய வேண்டும். வசனத்தாள் காலையில்தான் கைக்கு வரும். சில நேரம் காட்சிக்குச் சற்று முன்பு வரும். அதனால் உதவி இயக்குநர் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை வரி வரியாக வாசிக்க, நடிகர்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்வது நடைமுறை. இதற்கு ‘பிராம்ப்டிங்’ என்று பெயர். காதில் விழும் வரியை வாங்கி, அடுத்த நொடியே அதைத் தன் சொந்தப் பேச்சாக மாற்றி, முகத்தில் கேட்கும் பாவனை தெரியாமல் பேசுவது தனியான ஒரு திறமை. வராதவர்களை உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்: வரிக்கும் வரிக்கும் நடுவே கண் ஒரு கணம் வெறுமையாகிவிடும்.

இப்படி எடுக்கும்போது வாசிப்பவரின் குரலும் சேர்ந்து பதிவாகிவிடுவதால், டப்பிங் தவிர்க்க முடியாததாகிறது. தமிழ்த் தொடர்களின் கதாநாயகிகள் பலர் கர்நாடகத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வருகிறவர்கள் என்பதால், அவர்களுக்கு டப்பிங் கலைஞர்கள் குரல் தருகிறார்கள். நாயகியின் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. குணச்சித்திர நடிகர்களோ பெரும்பாலும் தாங்களே பேசுகிறார்கள். தொடரின் வட்டாரத்தையும் வீட்டு மணத்தையும் தாங்குவது அவர்கள் நாக்கு. படப்பிடிப்பில் கேட்டுச் சொன்ன வசனத்தை, டப்பிங் அறையின் இருட்டில், திரையில் தெரியும் தன் உதட்டசைவுக்கு ஏற்ப மறுபடி பேசும்போதுதான் அந்த நடிப்பு முழுமை அடைகிறது. ‘ஏம்மா, ஏய்’ பிறந்த இடம் படப்பிடிப்புத் தளம் என்றால், அது பழுத்தது டப்பிங் அறையில்.

ஒளிபரப்புக்குக் கையிருப்பாக நிற்கும் எபிசோடுகள் பல தொடர்களில் சில நாள்களுக்குத்தான் இருக்கும். திங்கள் முதல் சனி வரை ஓடும் தொடரில், படப்பிடிப்புக்குப் போகும் முன்போ முடிந்து வந்த பின்போ டப்பிங்குக்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும். காலை எட்டு மணி வாக்கில் ஒரு நடிகர் மைக் முன்னால் நிற்பது இதனால்தான். சினிமா வேலைகளும் கூடவே இருந்தால் நாள் இன்னும் நீளும். 2023 ஆகஸ்டில் வெளியான ‘ஜெயிலர்’ படத்தில் வில்லனின் ஆட்களில் ஒருவராக அவர் வந்தார். அவர் இறந்த மறு ஆண்டு ஜூலையில் வெளியான ‘இந்தியன் 2’ படத்திலும் இருந்தார். முப்பது ஆண்டுகளாக வராத வாய்ப்புகள் ஒன்றாக வந்து குவிந்த நேரம் அது. வேலைப்பளுவுக்கும் அவர் மரணத்துக்கும் நேரடியாக முடிச்சுப் போடுவது சரியாகாது. ஆனால், இப்படி ஓர் ஓட்டத்தை வயது ஏறிய பிறகு தொடங்குகிறவர்கள்தான் தொடர்களின் குணச்சித்திர நடிகர்களில் அதிகம்.

அவர் இறந்த நாளில், சில தினங்களுக்கு முன்பு ஒளிபரப்பான ஒரு காட்சி வலைதளங்களில் பரவியது. அதில் குணசேகரன் தன் நெஞ்சு வலியைப் பற்றிப் பேசுகிறார். பார்த்தவர்கள் அதை முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மாரிமுத்து ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் சோதிடர்களை எதிர்த்துக் காரசாரமாகப் பேசியிருந்தார். அதையும் இதையும் சேர்த்துப் பேசிய கொடுமையும் நடந்தது. பகுத்தறிவு பேசிய, கவிதை வாசித்த மனிதரை, அவர் நடித்த பழமைவாதியின் மரணம்போல ஊர் துக்கம் கொண்டாடியதில் ஒரு முரண் இருக்கிறது. தினமும் ஒரே பாத்திரமாக வீட்டுக்குள் வரும் நடிகருக்கு இது நேர்கிறது. சினிமாவில் அவர் அடுத்தடுத்த படங்களில் வெவ்வேறு பெயரோடு வருவதால் பார்வையாளருக்கு நடிப்பு என்பது நினைவிருக்கும். தொடர் அந்த இடைவெளியைக் கொடுப்பதில்லை.

அடுத்து யார் என்ற கேள்வி தொடருக்கு உடனே எழுந்தது. தொடர்களில் ஆள் மாறுவது சாதாரணம். ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற ஒரு வரி திரையில் ஓடும். மறுநாளிலிருந்து புது முகத்துக்கு எல்லோரும் பழகிவிடுவார்கள். நாயகி மாறியபோதுகூட அசையாமல் நின்ற தொடர்கள் உண்டு. குணசேகரன் விஷயத்தில் அந்த ஒரு வரி போதாது என்பது தொடரை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கதையில் அந்தப் பாத்திரத்தைச் சில வாரங்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். பிறகு அக்டோபரில் வேல ராமமூர்த்தி அந்த நாற்காலிக்கு வந்தார்.

தேர்வில் யோசனை தெரிந்தது. வேல ராமமூர்த்தி இராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழிக்காரர். இராணுவத்திலும் அஞ்சல் துறையிலும் வேலை பார்த்தவர். ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதியவர். ‘மதயானைக் கூட்டம்’, ‘கிடாரி’ போன்ற படங்களில் மிரட்டியவர். மாரிமுத்துவைப் போலவே எழுத்தின் பக்கத்திலிருந்து நடிப்புக்கு வந்தவர், தென்மாவட்ட நாக்கு உள்ளவர். அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் பாத்திரம் வேறாகிவிட்டது. வேல ராமமூர்த்தியின் குரல் அடிவயிற்றிலிருந்து கனத்து வருவது. கையில் அரிவாள் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலத் தோன்ற வைப்பது. அந்தக் குணசேகரனைக் கண்டு பயப்பட முடிந்தது. கேலி செய்ய முடியவில்லை. சமையலறை நக்கல்களின் சுருதியும் அதற்கேற்ப மாறியது. ‘ஏம்மா, ஏய்’ என்பதைப் புதியவர் வாயில் வைத்திருந்தால் அது பலகுரல் கலைஞரின் நிகழ்ச்சியாகியிருக்கும்.

தொடர் 2024 ஜூனில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற பெயரில் மறுபடி தொடங்கியபோது, ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தியே வந்தார். பழைய தொடரின் துணுக்குகள் இன்றும் கைபேசிகளில் சுற்றுகின்றன. அவற்றில் பலவற்றில் படம் வேறு யாருடையதாகவோ இருக்கிறது: அலுவலகத்தில் தூங்குகிறவர், பாத்திரத்தை உருட்டும் பூனை, பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தை. குரல் மட்டும் மாரிமுத்துவுடையது.